பயிற்சிக் காவலர் கையில் துப்பாக்கி: சட்டம் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும்

தமிழ்நாட்டில் 18 வயது நிரம்பினால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதலாம். ஆனால் அதே ஆள் சொந்தமாக ஒரு துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால் 21 வயது ஆகும்வரை கிடைக்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. அப்படியானால் காவலர் பயிற்சிப் பள்ளியில் 19 வயதுப் பிள்ளைகள் எஸ்.எல்.ஆர் (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்) ரைபிளைத் தூக்கிக்கொண்டு சுடுதளத்துக்குப் போவது எந்தச் சட்டப்படி? எங்கள் உறவில் ஒரு பையன் தேர்வானபோது வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பதில் அதே சட்டத்தின் 45ஆவது பிரிவில் இருக்கிறது. மத்திய அரசின் உத்தரவுப்படி ஆயுதம் வைத்திருப்பவர், கடமையின் பேரில் வைத்திருக்கும் பொது ஊழியர், தேசிய மாணவர் படையினர், பிரதேச ராணுவத்தினர் (டெரிட்டோரியல் ஆர்மி), மத்தியச் சட்டங்களின் கீழ் அமைந்த மற்ற படையினர் ஆகியோருக்கு இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்கிறது அது. இந்தப் பட்டியலில் பயிற்சிக் காவலர் என்று ஒருவர் இல்லை. பணி நியமனம் ஆகி, அரசுப் பணத்தில் சம்பளம் வாங்குவதால் அவரைப் 'பொது ஊழியர்' என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு இது போதாது என்று தோன்றுகிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த மாணவரைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டுக்குப் பயிற்சி எடுக்கும் சிறார்களுக்குக்கூட 9ஆவது பிரிவிலேயே தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது. நாளை தெருவில் ஆயுதத்தோடு நிற்கப்போகும் பயிற்சிக் காவலரை மட்டும் ஊகத்துக்கு விட்டுவிட்டது.

விலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலக்கு இல்லாவிட்டால் பயிற்சியே நடக்காது. எஸ்.எல்.ஆர் தடைசெய்யப்பட்ட ஆயுத வகையில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. பயிற்றுநர் 'எடுத்துக்கொண்டு வா' என்று சொன்னதற்காக ரைபிளைத் தூக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் இவ்வளவு கடுமையான தண்டனைக்கும் நடுவில் நிற்பது 'கடமையின் பேரில்' என்ற அந்தச் சொற்றொடர் மட்டும்தான். சுடுதளத்தில் நிற்கும்போது அது கடமைதான், யாரும் மறுக்க மாட்டார்கள். பயிற்றுநர் கூட வராமல் வண்டியில் ஆயுதத்தோடு அனுப்பினால்? இடைவேளையில் தோட்டா பையில் தங்கிவிட்டால்? இதையெல்லாம் முடிவு செய்வது காவல்துறையின் நிலை ஆணைகளும் (துறைக்குள்ளான நிரந்தர உத்தரவுகள்) அந்த நேரத்து அதிகாரியும்தான்.

கனடாவில் இதை நேராகவே எழுதியிருக்கிறார்கள். அங்குள்ள குற்றவியல் சட்டத்தின் 117.07ஆவது பிரிவு, விலக்குப் பெறுபவர்களில் காவலராகப் பயிற்சி பெறுபவரைத் தனியாகச் சொல்கிறது. அதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அவர் ஒரு காவல் படையின் அல்லது அரசு குறித்துக்கொடுத்த பயிற்சிக் கழகத்தின் கட்டுப்பாட்டிலும் மேற்பார்வையிலும் இருக்க வேண்டும். இதைப் படித்தபோது நம் சட்டத்துக்கும் இப்படி ஒரு வரி வராதா என்று ஏக்கமாகவே இருந்தது. பயிற்சிக் காவலருக்கு அது பாதுகாப்பு. அவரைத் தனியே விட்டுவிட முடியாது என்று மேலதிகாரிக்கு அது கட்டளை.

மேற்பார்வை ஏன் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நார்த்தாமலையை நினைத்துப் பார்க்கட்டும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தது. தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அன்று சுட்டவர்கள் புதுக் காவலர்கள் என்று சொல்ல வரவில்லை. பயிற்சிச் சுடுதலில் ஆபத்து சுடுபவரோடும் வேலியோடும் நின்றுவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இன்னமும் அந்தச் செய்தியை என்னால் நிதானமாகப் படிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்ட விலக்கு என்றால் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106ஆவது பிரிவு போலீஸுக்கும் உண்டு. அதேபோல, ஒரு எஸ்.ஐ. தன் சொந்தப் பாதுகாப்புக்கு பிஸ்டல் வாங்க நினைத்தால் அவரும் மற்றவர்களைப் போல உரிமத்துக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். விலக்கு கடமைக்குத்தான், ஆளுக்கு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? 45ஆவது பிரிவில் பயிற்சிக் காவலரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில், அனுமதிக்கப்பட்ட பயிற்சி இடத்தில் அல்லது அங்கே போய்வரும் வழியில் மட்டும் என்று வரம்பு போட வேண்டும். ஆயுதம் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருப்பதால் இதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும், நம் எம்.பி.க்கள்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மாநில அரசு காத்திருக்கத் தேவையில்லை. சுடும் நாளும் நேரமும் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தண்டோரா போட்டாவது தெரிய வேண்டும். எந்தத் தளத்தில் எந்த வகை ரைபிளைச் சுடலாம், எந்த அதிகாரி கூட நிற்க வேண்டும், எத்தனை ரவுண்ட் கொடுத்து எத்தனை காலித் தோட்டா திரும்பியது என்பதற்கான விதிகள் பொதுமக்கள் படிக்கும்படி வெளியே வர வேண்டும். இதற்கு டி.ஜி.பி. அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.