வலது அம்பை அழுத்தினால் அடுத்த படம் வரணும், அவ்வளவுதான்

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். மண்டபத்தில் கரண்ட் போயிருக்கிறது, முகூர்த்த நேரத்தில் ஃபிளாஷ் செத்துப்போயிருக்கிறது. அப்போதெல்லாம் வராத ஆத்திரம் நேற்று வந்தது. படத்தைத் திறந்து காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள், அந்த ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்கிறது.

வைகாசி முகூர்த்தம். இரண்டு கேமராவிலும் சேர்த்து 3,800 படம். ஆல்பத்துக்குப் போகப்போவது முந்நூறோ நானூறோ. மீதியை நான்தான் கழிக்க வேண்டும். ஒரு பார்வை, வேண்டுமென்றால் வலது அம்பு, வேண்டாமென்றால் எக்ஸ், இரண்டுமே அடுத்த படத்துக்குத் தள்ளும். கை அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டால் ஒரே ராத்திரியில் முடிகிற வேலை இது. இங்கே என்ன நடக்கிறது? அம்பை அழுத்தினால் மங்கலாக ஏதோ வருகிறது, அதன் மேல் ஒரு வட்டம் சுற்றுகிறது, இரண்டு வினாடி கழித்து முகம் தெளிகிறது. இரண்டு வினாடிதானே என்பவர்கள் பெருக்கிப் பாருங்கள். 3,800 படத்துக்கு 7,600 வினாடி. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேரம் போனால்கூடப் போகட்டும். தாலி கட்டும்போது விடாமல் அடித்துப் பதினைந்து படம் எடுப்போம். ஒன்றில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார், ஒன்றில் பெண் முகத்தின் குறுக்கே அட்சதை பறக்கும், இன்னொன்றில் நாத்தனார் கை மறைக்கும். படங்களை டக் டக்கென்று மாற்றினால் எது நல்ல படம் என்று கண்ணே சொல்லிவிடும். நடுவில் மங்கல் வந்து நின்றால் முந்தின படம் மனதிலிருந்து போய்விடுகிறது. திரும்பப் பின்னால் போகிறேன், மறுபடி மங்கல். கடைசியில் சலித்துப்போய் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு நகர்கிறேன். அந்தக் குடும்பம் ஐம்பது வருடம் வைத்துப் பார்க்கப்போகிற படம் அது!

சரி, ரா கோப்பு, அதாவது கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கிற மூலக் கோப்பு, பெரியது, 25 எம்பி, அதனால்தான் மெதுவாகத் திறக்கிறது என்பார்கள். கேமராவின் முதுகில் இருக்கிற குட்டித் திரையில் இதே படங்களை விரல் வேகத்துக்குத் தள்ளிப் பார்க்க முடிகிறதே, அது எப்படி? ரா கோப்பை எழுதும்போதே கேமரா அதற்குள் ஒரு ஜேபெக் படத்தையும் வைத்துவிடுகிறது. அதை உருவிக் காட்டினால் போதும். பத்திரிகை போட்டோகிராபர்கள் போட்டோ மெக்கானிக் என்ற மென்பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். அது உள்ளே இருக்கிற ஜேபெக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறது. என்னிடம் இருக்கிற மென்பொருளோ ஒவ்வொரு ராவையும் முதலிலிருந்து சமைக்கிறது. கழித்துப் போடப்போகிற படத்துக்கு எதற்கு அந்தச் சமையல்?

அப்புறம், நான் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ப்ராசசர் சும்மாதானே இருக்கிறது? அடுத்த படத்தை அப்போதே திறந்து ரேமில் வைத்திருந்தால் என்ன? 24 மெகாபிக்சல் படத்தை முழுசாக விரித்தாலும் 72 எம்பிதான். என் மெஷினில் 16 ஜிபி இருக்கிறது. முன்னும் பின்னும் பத்துப் படத்தைத் தயாராக வைத்தாலும் ஒன்றரை ஜிபி தாண்டாது. ஆனால் அந்த ரேமையும் ப்ராசசரையும் வேறு எதற்கோ தின்றுகொண்டிருக்கிறார்கள். நான் கேட்காமலே முகங்களை அடையாளம் காண்கிறது. நான் கேட்காமலே 'நினைவுகள்' என்று வீடியோ செய்கிறது. கணக்குத் தொடங்கு, மேகத்தில் ஏற்று என்று நடுத்திரையில் பெட்டி விழுகிறது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படத்தை நான் ஏன் யாருடைய சர்வரிலோ ஏற்ற வேண்டும்?

1996-இல் வந்த இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள் இன்றைக்கும் சில எம்பிதான். போஸ்னியாவில் பிறந்து ஆஸ்திரியாவில் வாழும் இர்ஃபான் ஷ்கில்யான் என்ற ஒரே மனிதர் எழுதியது. சொடுக்கினால் படம் உடனே வந்து நிற்கும். ஃபாஸ்ட்ஸ்டோன் என்ற இன்னொரு மென்பொருளில் நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இரண்டும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம், தொழிலுக்குக் காசு கட்ட வேண்டும், மனமாரக் கட்டலாம். முடியும் என்று தெரிந்த பிறகுதான் கோபம் இன்னும் ஏறுகிறது.

வரிசைப்படுத்துவது தனிக் கொடுமை. கேமரா கோப்புக்குப் போடுவது நான்கு இலக்க எண். 9999 முடிந்ததும் மறுபடி 0001. பெயர்ப்படி அடுக்கினால் தாலி கட்டின பிறகு காசி யாத்திரை வருகிறது. தேதிப்படி அடுக்கு என்றால், கோப்பைக் கடைசியாகத் தொட்ட தேதியை எடுத்துக்கொள்கிறது. ஒரு படத்தை லேசாக வெட்டிச் சேமித்தால் அது ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நிற்கிறது. எடுத்த நேரம் எக்ஸிஃபில், அதாவது கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிற குறிப்பில், வினாடி வரை இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ள என்ன கஷ்டம்? அந்த விருப்பத்தை மூன்று மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அது பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

போன மாதம் செலக்‌ஷனுக்குப் பெண்ணின் அம்மாவும் பெரியப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாலைந்து படம் பார்த்தவுடன் அந்த அம்மா, "என்ன தம்பி, எல்லாரும் மங்கலாவே இருக்காங்க?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கம்மா, தெளியும் என்று சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் அதையே சொன்னேன். இரண்டு லட்ச ரூபாய் கேமராவில் எடுத்த படத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று நடந்ததுதான் தாங்க முடியவில்லை. திரை உறைந்து நின்றது. அழுத்தம் பதியவில்லையோ என்று எக்ஸை இன்னும் இரண்டு முறை தட்டினேன். மென்பொருள் மூன்று தட்டலையும் வரிசையில் வைத்திருந்து, விழித்ததும் மூன்று படத்தைக் கழித்துவிட்டுப் போய்விட்டது. நான் கண்ணால் பார்க்காத படங்கள் இரண்டு அதில். எனக்கு எதுவும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து எண்ணிக்கை இடிக்கிறதே என்று கழித்த படங்களைத் திறந்து பார்த்தேன். பெண்ணின் பாட்டி, மேளச் சத்தத்துக்கு நடுவில், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கல்யாணத்தில் அவருக்கு நான் எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான்.

மீட்டுவிட்டேன். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இப்படி எத்தனை படம் போயிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. இன்று காலையிலிருந்து எக்ஸைத் தொடுவதற்கு முன்னால் வாய்விட்டு ஒன்று, இரண்டு எண்ணுகிறேன். இன்னும் 2,100 படம் பாக்கி.