நாவலப்பிட்டியை ஒரே வரியில் தாண்டிப் போகாதீர்கள்

ஒவ்வொரு ஜனவரி 17-ம் தேதியும், எம்.ஜி.ஆர். பிறந்த நாளில், முகநூலில் அதே சண்டை. எம்.ஜி.ஆர். மலையாளியா, தமிழரா? ஒருவர் பாலக்காடு வடவனூரில் இருக்கும் வீட்டின் படத்தைப் போடுகிறார். இன்னொருவர், கும்பகோணத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்கிறார். மூன்றாவது ஆள் வந்து குலம் கோத்திரம் வரை தோண்டுகிறார். இதற்கு நடுவில் "இலங்கையில் கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார்" என்று ஒரு வரி வரும். வந்த வேகத்தில் போய்விடும். அங்கே யாரும் நிற்பதில்லை. அந்த வரியில் கொஞ்சம் நிற்கத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம், டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். தாத்தா, அப்பாயி (அப்பாவின் அம்மா), அப்பா எல்லாரும் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த மீதியையும் 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தார்கள். பின்னாளில் அதுதான் டான்டீ ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று இந்த மழைக்காட்டில் தேயிலை நட்டு நிமிர்த்தியவர்கள் எங்கள் ஆட்கள்.

எங்கள் லயக் காம்பராவில் (அறையில்) சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட எம்.ஜி.ஆர். காலண்டர் ஒன்று தொங்கும். தேதித் தாள் எப்போதோ தீர்ந்து அட்டை மட்டும் மிச்சம். தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இருந்த படம்தானே என்பீர்கள். ஆனால் அப்பாயி அவரை வாத்தியார் என்றோ தலைவர் என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தப் புள்ள நம்ம நாவலப்பிட்டியில பொறந்தது தம்பி. சம்பளம் போட்டா நாங்க சாமான் வாங்கப் போற டவுனு அது" என்பார். தமிழ்நாட்டையே ஆண்ட மனிதர் அவருக்கு 'அந்தப் புள்ள'. அந்த உரிமை ரசிகர் மன்றத்தில் வந்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர் என்பதால் வந்தது.

நாவலப்பிட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அது புரியும். கண்டிப் பக்கமிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில், மகாவலி ஆற்றை ஒட்டி இருக்கும் டவுன் அது. அங்கிருந்து மேலே தேயிலை மலைதான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைச் சுற்றி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்களுக்கு உலகம் என்றாலே அந்த டவுன்தான். 1917-ல் அங்கே ஒரு மலையாளக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது. அப்பா கோபால மேனன் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர். எங்கள் கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பின்னால் போனதும் அதே பிழைப்புக்காகத்தான். மேனன் பேனா பிடித்தார், எங்கள் ஆட்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தார்கள். அந்த வித்தியாசம் பெரிது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு குடும்பமும் போய் இறங்கியது ஒரே சீமையில்.

குழந்தைக்கு இரண்டரை வயதானபோது கோபால மேனன் காலமானார். தாய் சத்தியபாமா அம்மாள் பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் ஆட்சி. யாரும் அவரிடம் எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்கவில்லை. எங்கள் அப்பாயி அதே கடலைத் தாண்டி வரும்போது கையில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வேண்டியிருந்தது. மண்டபம் முகாமில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 1948-ல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் போதாது. உன் அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தால்தான் எங்கள் குடும்பம் நாடற்ற குடும்பம் ஆனது. சத்தியபாமா அம்மாள் கப்பல் ஏறாமல் அங்கேயே இருந்திருந்தால் மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் என்ற மனிதருக்கும் 1948-ல் அதே கதிதான். தகப்பன் கேரளத்தில் பிறந்தவர் ஆயிற்றே. அவரும் அந்த 9,75,000 பேரில் ஒருவராக வரிசையில் நின்றிருப்பார். எங்களோடு சேரம்பாடிக்கோ கோத்தகிரிக்கோ வந்து தேயிலைக் கொழுந்து எடுத்திருக்கலாம். இதை நான் கற்பனைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு சின்ன இடைவெளியில் ஒரு வாழ்க்கை அந்தப் பக்கமும் இன்னொரு வாழ்க்கை இந்தப் பக்கமும் விழுந்தது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்று. அவர் முதலில் தலைகாட்டிய படம் 1936-ல் வந்த சதி லீலாவதி. எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை, அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் இயக்கம். எம்.ஜி.ஆருக்குச் சின்ன போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். இதெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான். அந்தப் படத்தின் கதாநாயகன் எங்கே ஓடிப்போகிறான் என்பதைத்தான் எழுத மறந்துவிடுகிறார்கள். குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டதாக நம்பி, இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான்! எம்.கே.ராதா நடித்த பாத்திரம் அது. தேயிலைச் சீமையில் பிறந்த பையன் சினிமாவுக்குள் நுழைந்த முதல் படத்திலேயே தேயிலைக் கூலியின் பாடு ஒரு பகுதி. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றிய காலத்திலிருந்து இன்று வரை எத்தனை பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

அக்காலத்து நடிகர்கள் நிறையப் பேருடைய வாழ்க்கையைப் பார்த்தால், சொந்த ஊர் அவர்களைச் சோறு போட்டு வைத்துக்கொள்ளவில்லை. சிவாஜியின் பெயரில் விழுப்புரம் இருக்கிறது, பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரம். நாடகக் கம்பெனியில் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று, அப்பா அம்மா இருக்கும்போதே தான் அநாதை என்று சொல்லிச் சேர்ந்த சிறுவன் அவர். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் பள்ளிக்கூடம் போகிற வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வயிற்றுக்காக. மனோரமா ஆச்சி பிறந்தது மன்னார்குடி, அப்பா கைவிட்ட பிறகு அம்மா கூட்டிக்கொண்டு போய் வளர்த்தது பள்ளத்தூர். நகைச்சுவை நடிகர் சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். விடுதலைப் போராட்டத்தில் இருந்த அப்பாவோடு கொழும்புக்குப் போய்ப் படித்தது அங்கே. அந்தத் துள்ளலும் மேல்நாட்டுப் பாட்டு முறையும் தூத்துக்குடியில் மட்டும் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். நாகேஷுக்கு ஊர் தாராபுரம், வீட்டில் கன்னடம்.

இவர்களையெல்லாம் அப்பன் மொழியையும் பாட்டன் ஊரையும் வைத்துப் பிரிக்க உட்கார்ந்தால் யாரும் மிஞ்ச மாட்டார்கள். எங்களுக்கு இந்தக் கேள்வியின் வலி நன்றாகத் தெரியும். சாதிச் சான்றிதழுக்கு ஒரு அலுவலகத்தில் நின்றபோது "பூர்வீகம் எது, அங்கே நிலபுலன் ஏதாவது இருக்கா" என்று கேட்டார்கள். இருந்திருந்தால் ஏன் கடல் தாண்டப் போகிறோம்? அப்பாயி தன் மாமியார் சொல்லிக் கேட்ட ஒரு கிராமத்துப் பேரைச் சொன்னார். அங்கே எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கேயோ நாங்கள் சிலோன்காரங்க. சிலோனில் இருந்தபோது இந்தியாக்காரங்க. மேலே ஏறிப் பார்த்தாலும் கீழே இறங்கிப் பார்த்தாலும் வந்தேறிகள்தான். அதனால்தான் ஒரு கலைஞனை "நீ இந்த ஊர் இல்லை" என்று யாராவது எழுதும்போது, அவரைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு வண்டிக்காரர்கள் ஷூட்டிங் மட்டத்தைக் காட்டுவார்கள். எந்தப் பாட்டில் யார் எந்த மரத்தடியில் ஆடினார்கள் என்று சொல்வார்கள். இந்த மலைக்கு சினிமாவோடு உறவு அவ்வளவுதானா? ஊட்டி இந்து நகரில் பிலிம் சுருளே தயாரித்தார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த முத்துராமன் 1981 அக்டோபரில் படப்பிடிப்புக்கு வந்த இடத்தில், ஊட்டியில்தான், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயது 52. எவ்வளவு நல்ல நடிகர், இங்கேயே பாதிப் பேருக்கு அது ஞாபகம் இல்லை.

எம்.ஜி.ஆருக்கே திரும்புகிறேன். 1982 ஜூலை 1-ல் அவர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சின்ன வயதில் தான் பட்ட பசியை அதற்குக் காரணமாகச் சொன்னார். அரசியல் ரீதியாக அவரைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் லயத்துப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது அந்தச் சோற்றுக்காக. அம்மாவும் அப்பாவும் மலைமேல் கொழுந்து எடுக்கப் போய்விட்டால் மத்தியானம் வீட்டில் அடுப்பு எரியாது. அவருடைய வேர் எது என்று கேட்டால் நான் வடவனூரையும் காட்ட மாட்டேன், கும்பகோணத்தையும் காட்ட மாட்டேன். அந்தப் பசியைத்தான் காட்டுவேன். அந்தப் பசி கோபால மேனன் போனபோது ஆரம்பித்தது.

ஆகவே அவரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். நாவலப்பிட்டிக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள். அது தேயிலை மலை என்று எழுதுங்கள், அங்கே யார் வேலை செய்தார்கள் என்று எழுதுங்கள், 1948-லும் 1964-லும் அவர்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். கண்டிக்கு அருகே என்று மட்டும் எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு புத்தர் கோயில்தான் கண்ணில் வரும்.

1965-ல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கை போனார்கள். அங்கே தேயிலை மலைப் பகுதியான மலையகத்தில் கூட்டம் தாங்கவில்லை என்று தாத்தா சொல்வார். அவரைப் பார்க்க எட்டிக்கூடப் போக முடியவில்லை, கார் போன தூசியைத்தான் பார்த்தேன் என்று சந்தோஷமாகச் சொல்வார். அதைப் பதிவு செய்து வைக்காமல் தாத்தாவும் போய்விட்டார், அப்பாயியும் போய்விட்டார். பந்தலூர், கூடலூர், குன்னூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் அந்த வருகையை நேரில் பார்த்த பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அல்லது அந்தக் காலத்துப் படம், நோட்டீஸ், குடும்ப அட்டை எது இருந்தாலும், இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. நானே வந்து போனில் பதிவு செய்துகொள்கிறேன், காகிதங்களை உங்கள் வீட்டிலேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.