அத்தானின் கத்தியும் எங்கள் முந்திரிகைப் பந்தலும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் நல்லூர்த் தேரைப் பார்க்கட்டும், ஒடியற்கூழ் குடிக்கட்டும், கசூரினாக் கடற்கரையில் நின்று படம் பிடிக்கட்டும். எங்கள் வளவில் நிற்கிற எதையும் வெட்ட மட்டும் வேண்டாம். இஸ்ரேல் புளூ என்ற இனத்து முந்திரிகைக் கொடி, அதாவது திராட்சைக் கொடி, முழுவதும் வேலியோரம் வாடிக் கிடக்கிறது. பந்தலுக்குக் கீழே மிஞ்சியிருப்பது ஒரு சாண் உயரக் கட்டை. வெட்டியவர் வேறு யாருமல்ல, இலண்டனிலிருந்து வந்திருக்கும் என் அத்தான்தான்.

நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். பிளேன்ரீயைக் குடித்து முடித்த அத்தான், பந்தலைச் சுற்றி ஒரு விவசாயப் போதனாசிரியரின் மிடுக்கோடு நடந்தாராம். “மாமி, காய்ச்ச கொடி இனிச் செத்துப்போகும், அதை அடியோட வெட்ட வேணும், எங்கட வீட்டில ராஸ்பெரிக்கு இப்பிடித்தான் செய்யிறனாங்கள்” என்றாராம். “தம்பி வரட்டும்” என்று அம்மா சொன்னதைக் காதில் வாங்காமல், முதலில் கத்தியை எடுத்தாராம், அது மொட்டையாம். பிறகு மரம் அரியும் வாளைத் தேடினாராம். கிடைத்ததும் அதில் துரு இருக்கிறதென்று நம் நாட்டைப் பற்றி ஒரு சிறு விரிவுரை ஆற்றினாராம். அதன்பின் முழங்காலில் இருந்து அறுத்தாராம், இளைப்பாறினாராம், தேசிக்காய்த் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம், மறுபடி அறுத்தாராம். கொடி விழுந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, “அடுத்த முறை பாருங்கோ, மாமி” என்றாராம். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ராஸ்பெரி என்ற குளிர்நாட்டுப் பழச் செடிக்கு அது சரி. அதன் தண்டு முதல் வருடம் வளர்ந்து, இரண்டாம் வருடம் காய்த்து, அத்தோடு மடிந்துவிடும். பிளாக்பெரியும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே கோடையில் காய்க்கும் ராஸ்பெரியில், பழம் பறித்து முடிந்ததும் காய்த்த தண்டுகளை மட்டும் நிலமட்டத்தில் வெட்டிவிட்டு, அவ்வருடம் புதிதாக எழுந்த பச்சைத் தண்டுகளை அடுத்த வருடத்துக்காகக் கம்பியில் கட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் காய்க்கும் இனத்தைத்தான் பெப்ரவரியில் மொத்தமாக வெட்டுவார்கள். கோடை இனத்தை அப்படி வெட்டினால் அடுத்த கோடையில் பழமே இராது. அத்தான் எங்கள் வளவில் காட்டிய வித்தையை அந்தச் செடியிடமே காட்டியிருந்தாலும் பாதி நேரம் பட்டினிதான்.

முந்திரிகையின் அடிமரமும், பந்தலில் படர்ந்த கைகளும் வருடக்கணக்காக நிற்பவை. பழம் பறித்த பின் தண்ணீரைக் குறைத்துக் கொடியை ஆறவிட்டு, முற்றிப் பழுப்பேறிய, பென்சில் பருமனான கிளைகளில் சில கணுக்களை விட்டு, அரும்புக்குச் சற்று மேலே கத்தரித்து, எஞ்சிய இலைகளைக் கையால் உருவி, எருவிட்டுத் தண்ணீர் கட்டினால், அந்த அரும்புகளிலிருந்து வரும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து வரும். வெட்டிய நாளிலிருந்து மூன்று நான்கு மாதங்களில் பழம் கைக்கு வருவதால், பூவும் பிஞ்சும் மாரி மழையில் அகப்பட்டுப் பங்கசு (பூஞ்சணம்) பிடிக்காதபடி நாள் பார்த்து வெட்டுவது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். இனி அந்தக் கட்டை தளிர்த்தாலும், பந்தலேறிக் கைபரப்பி முதற்குலை காட்ட ஒரு வருடத்துக்கு மேலாகும். இறக்கி வைத்த எரு கிணற்றடியில் கிடந்து என்னைப் பார்க்கிறது.

அக்காவிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எங்கட வீட்டில ராஸ்பெரி வெட்டுறது நான், இவர் வெட்டினதை அள்ளிக் குப்பையில போடுறவர்” என்றார். அதற்குமேல் கோபப்படத் தெம்பு வரவில்லை. அம்மாவும் நானும் குந்தில் இருந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் அத்தான் முகநூலில் ஒரு படம் போட்டுவிட்டார். கையில் எங்கள் துருப்பிடித்த வாள், பின்னால் விழுந்து கிடக்கும் கொடி, மேலே “தாயகத்தில் தோட்ட வேலை” என்ற வாசகம். கனடாவிலிருந்து ஒருவர் அதன்கீழே, உரும்பிராயில் உள்ள தங்கள் பந்தலையும் ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நாளைக் காலையில் போவதற்கு அத்தான் என் மோட்டார் சைக்கிளைக் கேட்கிறார்.