1961-லேயே இருந்தது இந்த மரபு
நியூசிலாந்துக் கட்டிடங்களில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபு நுழைந்தது கடந்த இருபது ஆண்டுகளில்தான் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெலிங்டனின் கரோரி பகுதியில் ஃபுடுனா தேவாலயம் 1961-லேயே எழுந்துவிட்டது. அதை வடிவமைத்த ஜான் ஸ்காட் மாவோரி வம்சாவளியினர். போன வருடம் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு மரத்தூண், அதிலிருந்து கிளை போலச் சாய்ந்து கூரையைத் தாங்கும் சட்டங்கள். மாவோரி சபைக்கூடத்தின் இதயத்தூண்தான் அது. வண்ணச் சாளரங்கள் வழியாக வரும் வெயில் கான்கிரீட் சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர், கட்டிடத்தின் முகப்பில் மாவோரி சுருள் வடிவம் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. மாவோரி சபைக்கூடமே ஒரு மூதாதையின் உடல்: முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பில் சரியும் பலகைகள் விரித்த கைகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வெறும் சுருள் ஓவியம் எனக்குப் போதவில்லை. தானேயாட்டுவா ஊரில் தூஹோய் என்ற மாவோரி இன மக்கள் 2014-ல் திறந்த தே குரா ஃபாரே என்ற கட்டிடத்தைப் பாருங்கள். அதற்கான மண் கற்களை அந்த மக்களே அறுத்தார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.