கிலோ கணக்கு கேட்கிறவர்களுக்கு

"ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதான் குறைஞ்சுதா?"

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இதை மும்பையில் செம்பூரிலும் கேட்கிறார்கள், முலுண்டிலும் கேட்கிறார்கள். மாட்டுங்காவில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலையை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அடுத்த வரி எப்படியும் வந்துவிடும்: "எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு நாப்பது கிலோ இறங்கிடுச்சே! நீ வாயைக் கட்டலை போல."

மும்பையில் பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு, அறுவை சிகிச்சைக் குழுவோடு வேலை பார்க்கும் டயட்டீஷியன் நான். சர்ஜன் தையல் போட்டு அனுப்பிய பிறகு தொடங்குகிறது என் வேலை. அதனால் இந்த "வாயைக் கட்டலை" வழக்கை நாள் தவறாமல் கேட்கிறேன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற அன்று ஒரு உடம்பின் வளர்சிதை மாற்றம் எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் பிறகு இறங்கப்போகும் எடையில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. நம் ஊரில் ஆட்களைக் காலம் கடத்தித்தான் தியேட்டருக்கு அனுப்புகிறோம். பிறகு அவர்களுக்கே மார்க்கும் போடுகிறோம்.

முதலில் இந்த ஆபரேஷன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் பருமனில் ஒரு குழாய். இடம் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆள் இளைத்தார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம் என்றால் பசி அப்படியே இருக்க வேண்டுமே? முதல் சில மாதம் என்னிடம் வருகிறவர்கள் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. "பசியே எடுக்கலை மேடம், கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடறேன்." வெட்டி எடுத்த மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமா, காங்காவா குழுவினர் கண்டுபிடித்த ஹார்மோன் அது. டயட் மட்டும் இருந்து இளைத்தால் கிரெலின் ஏறும், அதாவது உடம்பு சண்டைக்கு வரும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சண்டை சில காலமாவது தணிகிறது.

இரைப்பை பைபாஸ் என்ற மற்றொரு முறையில் இன்னொரு கதை. சாப்பாடு முன்சிறுகுடலைத் தாண்டிக் கீழ்க்குடலுக்குச் சீக்கிரம் போய்விடுகிறது. அங்கிருந்து ஜிஎல்பி-1, பெப்டைட் ஒய்ஒய் போன்ற, பசியை அடக்கும் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. இன்று ஊரெல்லாம் பேசும் எடை குறைப்பு ஊசிகள் இந்த ஜிஎல்பி-1ஐப் பின்பற்றிச் செய்தவைதான். எடை கணிசமாக இறங்கும் முன்பே, சில நாளிலேயே, பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. அமெரிக்க சர்ஜன் வால்டர் போரீஸ் 1995இலேயே இதை எழுதிவிட்டார். குடலை மாற்றி அமைத்தால் ஹார்மோன் மாறுகிறது. ஆக, கத்தி தொடுவது வயிற்றை என்றாலும் வேலை நடப்பது ஹார்மோனில். அந்த ஹார்மோன்களுக்கு எந்த அளவுக்கு மசிவது என்பதில் ஆளுக்கு ஆள் உடம்பு வேறு.

இப்போது இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஒருத்திக்கு முப்பது வயது தாண்டி ஓரிரு வருஷம், ஐடி வேலை. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு, சர்க்கரை இல்லை. 112 கிலோவில் வந்தாள். ஒரு வருஷத்தில் 41 கிலோ இறங்கியது. கல்யாணப் பந்தியில் எல்லாரும் உதாரணம் காட்டுகிற "ஆபீஸ்ல ஒருத்தி" இவளைப் போன்றவள்தான்.

இன்னொருவர் தாராவியில் இட்லி அவித்து விற்கும் அக்கா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாதவிடாய் நின்று போனது. பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை, அதில் கடைசி சில வருஷம் இன்சுலின். 88 கிலோவில் வந்தார். அதே ஆபரேஷன், அதே சர்ஜன், அதே டயட் சார்ட். ஒரு வருஷத்தில் இறங்கியது 15 கிலோ. என் முன்னால் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு ஆளுவ நான் ஒளிச்சு வச்சுத் திங்கேன்னு சொல்லுதாவ, மேடம்."

அவர் எழுதிக்கொண்டு வந்த உணவுக் கணக்கு நோட்டு என் மேஜையில் இருக்கிறது. மகளின் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். அதில் ஒளிவுமறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் வேறு. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபரேஷனில் எடை குறைவாகத்தான் இறங்கும். திரும்பத் திரும்பப் பல ஆய்வுகளில் பார்த்ததுதான். இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோன். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் கணையத்தைத் தட்டி அதே இன்சுலினைத்தான் வரவழைக்கின்றன. சர்க்கரை கட்டுப்படாத நாளில் சிறுநீரில் போய்க்கொண்டிருந்த கலோரி, கட்டுப்பட்ட பிறகு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. வயதோடு தசையும் கரைந்திருக்கிறது. இத்தனையும் சேர்ந்த உடம்பை முப்பது வயது உடம்போடு ஓடவிட்டு, நீ ஏன் பிந்தினாய் என்று கேட்பது என்ன நியாயம்?

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு அடுத்த பகுதியில்.

இந்த அக்காவுக்கு நாற்பது வயதுவாக்கில் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 31. அப்போதே ஒரு டாக்டர் ஆபரேஷன் பற்றிச் சொல்லியிருக்கிறார். கையில் பணம் இல்லை. பிறகு மகன் வேலைக்குப் போய் கம்பெனி பாலிசியில் அம்மாவைச் சேர்த்தான். பாலிசி முடியாது என்றது. நம் நாட்டில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு வழக்கமாக இருக்கும் நிபந்தனை இதுதான்: பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 35 இருந்து, கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) போல ஏதாவது ஒன்று. அதுவும் மற்ற வழிகள் தோற்ற பிறகு. சர்வதேச பேரியாட்ரிக் அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ ஆசியர்களுக்கு 27.5லிருந்தே ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறது. அறிவியல் கணக்கில் தகுதி உள்ளவர் பாலிசிக் கணக்கில் தகுதி இல்லாதவர் ஆனார். பிறகு இன்சுலின் போட ஆரம்பித்தார், இன்சுலினோடு எடை ஏறியது, 35ஐத் தாண்டியது. அப்போது பாலிசி சரி என்றது! நோய் முற்றிய பிறகு கதவு திறக்கிற ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

31 என்பது லேசான குண்டுதானே என்று யாராவது சொல்லலாம். நம் உடம்புக்கு அப்படி இல்லை. புனேவில் டாக்டர் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் போட்டார். அவரும் ஆங்கிலேய நண்பர் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே பிஎம்ஐ, உள்ளே இரட்டிப்புக்கு மேல் கொழுப்பு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் நம் மாமாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் உடம்பை வைத்துப் போட்ட வரம்பு இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சர்க்கரைக்கு ஒரு கடிகாரம் உண்டு. வருஷம் போகப் போகக் கணையத்தின் பீட்டா செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எவ்வளவு மிச்சம் என்பதைச் சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். வயது, பிஎம்ஐ, சி-பெப்டைட், சர்க்கரை வந்து எத்தனை வருஷம் என்ற நான்கையும் கூட்டி, ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை அடங்குமா என்று முன்கூட்டியே கணிக்கும் முறையைத் தைவான் டாக்டர்கள் கொண்டுவந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்த சர்க்கரைக்காரர்களில் இரண்டு வருஷத்தில் 72 சதவீதம் பேருக்குச் சர்க்கரை அடங்கியிருந்தது. பதினைந்து வருஷத்தில் அது 30 ஆகிவிட்டது. சர்க்கரை வந்து கொஞ்ச காலத்திலேயே செய்துகொண்டவர்களுக்குப் பலன் கூடுதல். இந்தக் கணக்கையெல்லாம் கையெழுத்து வாங்கும் முன் சொல்ல வேண்டும். சொல்கிற இடங்களும் உண்டு. ஆனால் நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வரவேற்பறைச் சுவர் முழுக்க "முன்பு, பின்பு" படங்கள். எல்லாம் நாற்பது, ஐம்பது கிலோ இறங்கியவர்கள். பதினைந்து கிலோக்காரர்கள் யாரும் அந்தச் சுவரில் இல்லை.

சரி, சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு, இல்லாவிட்டால் எனக்குச் சம்பளம் எதற்கு? இளைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகிறது. தசை போனால் சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரியும் குறையும். அதனால்தான் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று மென்னியைப் பிடிக்கிறோம். நம் சமையலில் இது எளிதில்லை. ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். சின்னக் கிண்ணம் பருப்பில் ஆறு, ஏழு. ஒரு முட்டையில் ஆறு. இரைப்பையில் இடமோ சில வாய்க்குத்தான். இதில் தயிர்சாதம் இருக்கிறதே, அது பெரிய வில்லன். குழைந்து வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறைந்ததே தெரியாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி ஒரு கரண்டி கேட்கும். செம்பூர் மாமிகளிடம் தயிர்சாதத்தைக் குறை சொல்லிவிட்டு நான் உயிரோடு வெளியே வருவதே சாதனை.

இட்லி அக்காவிடம் இந்தச் சிக்கலே இல்லை. "ஊருக்கெல்லாம் இட்லி அவிக்கேன், எனக்கு மட்டும் ஒண்ணோட நிப்பாட்டுங்கிய" என்று சிரித்துவிட்டு மறுவாரமே மாற்றிக்கொண்டார். தட்டில் மீன் முதலில், முட்டை அடுத்து, பருப்பு, இடம் இருந்தால் ஒரு பிடி சோறு. நோட்டில் அதுவும் எழுதியிருக்கிறது.

ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எடை நின்றுவிடும். பிறகு கொஞ்சம் ஏறும். இதைப் பார்த்ததும் வீட்டில் மறுபடி விசாரணை ஆரம்பம். அதே ஸ்வீடன் ஆய்வில் இரண்டாம் வருஷம் சராசரியாக 23 சதவீதம் எடை குறைந்திருந்தது. பத்தாம் வருஷம் 17தான். அது மனித உடம்பின் வழக்கமான பாதை. கொழுப்பு குறைந்ததும், கொழுப்பு செல்களிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை நினைத்துச் செலவைச் சுருக்குகிறது. அமெரிக்காவில் டிவி போட்டி ஒன்றில் பட்டினி கிடந்து, ஓடி ஓடி இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். அவர்கள் அளவு உடம்பு எரிக்க வேண்டியதை விட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு அது. அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இல்லை, டயட்டிலும் உடற்பயிற்சியிலும் இளைத்தவர்கள். மனஉறுதிக்கு அவர்களிடம் என்ன பஞ்சம்?

இன்னும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. கியூபெக்கில் பன்னிரண்டு ஜோடி இரட்டையர்களுக்கு நாளுக்கு ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் முடிவு வந்தது. ஒருவருக்கு நாலு கிலோ சொச்சம் ஏறியது, இன்னொருவருக்குப் பதின்மூன்று. உடன்பிறந்த இரட்டையர்கள் மட்டும் ஒருவரையொருவர் ஒத்து ஏறினார்கள். ஒரே சாப்பாட்டுக்கு இத்தனை வித்தியாசம் என்றால் ஒரே ஆபரேஷனுக்கு மட்டும் ஏன் இருக்காது?

எடை எதிர்பார்த்ததை விட அதிகமாக ஏறினால் முதலில் சர்க்கரை போட்ட காபியையும் ஜூஸையும் மதுவையும் கேட்பேன். மறைக்க மாட்டேன். பிறகு மருந்துச் சீட்டைக் கேட்பேன். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மாத்திரைகள், தைராய்டு எல்லாம் அதில் ஒளிந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் ஜிஎல்பி-1 வகை ஊசி தேவைப்படுகிறவர்கள் உண்டு. அந்த வகையில் மவுஞ்சாரோ என்ற ஊசி 2025 மார்ச்சில் இங்கே வந்ததிலிருந்து, "அறுத்துக்கிட்டும் ஊசியா?" என்று இளப்பமாகக் கேட்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

இட்லி அக்காவுக்கு இப்போது இன்சுலின் பாதிக்கும் கீழ். முழங்கால் வலி குறைந்து, பழையபடி விடியற்காலையில் எழுந்து மாவுச் சட்டியை அவரே தூக்குகிறார். அவருடைய மகனை அடுத்த முறை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். சி-பெப்டைட் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, அம்மா ஒளித்து வைத்துத் தின்னவில்லை, ஆபரேஷன்தான் பத்து வருஷம் பிந்தி நடந்தது என்று அவனிடம் நேராகச் சொல்லப்போகிறேன்.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் பேச்சு ஓடினால் எத்தனை கிலோ குறையும் என்று மட்டும் கேட்காதீர்கள். சர்க்கரை எத்தனை வருஷம், இன்சுலின் உண்டா, சி-பெப்டைட் எவ்வளவு, எங்கள் நிலைமைக்கு நியாயமான எதிர்பார்ப்பு என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்பாக்ஸில் வந்து எந்த ஆஸ்பத்திரி, எந்த சர்ஜன் என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.