மூன்றாவது சரணத்தைக் கேளுங்கள்
'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை விட்னி ஹூஸ்டன் வெறுமனே உரக்கப் பாடிவிட்டார் என்று ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. அது சரியல்ல. 1974ல் வந்த, அந்தப் பாட்டை எழுதிய பாடகி டாலி பார்ட்டனின் மூலப்பாடல் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் மூன்றாவது சரணத்தை டாலி பாடுவதில்லை, மெல்லப் பேசுகிறார். அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான். பாடகி லிண்டா ரோன்ஸ்டாட் 1975ல் பாடியபோது இந்தச் சரணமே இல்லை. விட்னியின் 1992 பதிவுக்குத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் லிண்டாவின் பதிவை வைத்துத்தான் தொடங்கினார். விடுபட்ட வரிகளைச் சொன்னவர் டாலி.

டாலி பேசிய அந்தச் சரணத்தை விட்னி பாடுகிறார். பின் சின்ன மௌனம், ஒரு டிரம் அடி, சுருதி ஏ மேஜரிலிருந்து பி மேஜருக்கு ஏறுகிறது. நம் கணக்கில் ஆறு கட்டையிலிருந்து ஏழு கட்டை. மேடையில் விட்னி போலப் பாட முயலும் பலர் சறுக்குவது இந்த உச்சத்தில் என்றாலும், கோளாறு ஆரம்பத்திலேயே இருக்கிறது. முதல் சரணத்துக்கு வாத்தியமே கிடையாது. சுருதி கால் இழை ஏறினாலும் வாத்தியம் சேரும்போது காட்டிக்கொடுத்துவிடும். கீபோர்டில் ஆதார சுருதியை ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டு, முதல் வரியை அடக்கியே பாட வேண்டும். டாலியின் பதிவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த அடக்கம் எளிதில் வரும்.