ஜோ நக்ஸ்ஹால் ஒரே ஆட்டத்தோடு காணாமற்போனவர் அல்லர்

இரண்டாம் உலகப் போரின்போது 15 வயதில் அமெரிக்காவின் சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணிக்காகப் பந்து வீசிய ஜோ நக்ஸ்ஹால் என்ற சிறுவன், அந்த ஒரே ஆட்டத்தின் அவமானத்தால் பேஸ்பாலையே கைவிட்டான் என்றொரு செய்தி பகிரப்படுகிறது. இதன் முற்பாதி உண்மை. பிற்பாதி முற்றிலும் தவறு.

வீரர்கள் பலர் படைக்குச் சென்றுவிட்டதால் ஆள் பற்றாக்குறை நிலவிய 1944 ஜூன் 10 அன்று, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிடம் ரெட்ஸ் 13 ஓட்டங்கள் பின்தங்கியிருந்த நிலையில் ஜோ நக்ஸ்ஹால் களமிறக்கப்பட்டார். இருவரை ஆட்டமிழக்கச் செய்த அவர், 5 ஓட்டங்களைக் கொடுத்த பின் வெளியேற்றப்பட்டார். அவருடைய 67.50 என்ற ஓட்டச் சராசரியை (பந்து வீச்சாளர் தம் பொறுப்பில் 9 இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஓட்டங்கள்; குறைவாக இருந்தால் சிறப்பு) பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள்; அது அந்த ஒரு பருவத்துக்கு மட்டுமே உரியது என்பதை யாரும் சொல்வதில்லை.

பள்ளிப் படிப்பை முடித்து, கீழ்நிலை லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1952இல் அவர் அதே ரெட்ஸ் அணிக்குத் திரும்பினார். 1955இல் பந்து வீச்சாளராகத் தம் பெயரில் 17 வெற்றிகள் பெற்றதோடு, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 5 ஆட்டங்களை முடித்து அமெரிக்காவின் இரு முதன்மை லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அவ்வகையில் முதலிடம் பிடித்தார். 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக்கின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்ஸ்டார் அணியில் இடம்பெற்றார். 1966 வரை ஆடிய அவர் மொத்தம் 135 வெற்றிகளை ஈட்டினார்; அவருடைய வாழ்நாள் சராசரி 3.90 மட்டுமே. இவ்வளவு பெரிய உழைப்பை ஒரு பிற்பகலுக்குள் சுருக்குவது அநீதி.

1967 முதல் அவர் ரெட்ஸ் ஆட்டங்களின் வானொலி வர்ணனையாளராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 2007 நவம்பரில் காலமானார்.